இரைச்சலுக்குள் ஒரு பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற பேருந்தில் ஒரு மாலை நேரம். ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் ஏதோ ஒரு பழைய பாட்டு. ஜன்னல் வழியே காற்று, எஞ்சின் உறுமல், பின் இருக்கையில் ஒரு குழந்தையின் அழுகை, நடுநடுவே நடத்துநரின் விசில். எனக்குப் பாட்டின் வரிகள்கூடச் சரியாகக் காதில் விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் கைபேசியை ஸ்பீக்கர் பக்கமாகத் தூக்கிப் பிடித்தான். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. பாட்டின் பெயர், படத்தின் பெயர், பாடியவர்கள் எல்லாம் திரையில் வந்துவிட்டன.

ஷசாம் என்கிற அந்தச் செயலியைப் பல பேர் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், 'பாட்டைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும்' என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது. உண்மையில் அது பாட்டைக் கேட்பதே இல்லை. மொழி, தாளம், ராகம், குரல் எதுவும் அதற்குத் தெரியாது. காதில் விழுவதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்று சரியாகத் தேர்ந்தெடுத்ததில்தான் இதன் அழகு முழுவதும் இருக்கிறது.

இந்தச் சேவை ஸ்மார்ட்போனுக்கும் முந்தையது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1999-இல் கிறிஸ் பார்ட்டன், பிலிப் இங்கெல்பிரெக்ட், தீரஜ் முகர்ஜி, ஏவரி வாங் ஆகிய நான்கு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். 2002-இல் பிரிட்டனில் அறிமுகமானபோது செயலி எல்லாம் கிடையாது. 2580 என்ற எண்ணை அழுத்த வேண்டும். பழைய பட்டன் போனில் நடு வரிசையை மேலிருந்து கீழாக அழுத்தினால் வருகிற எண் அது. அப்புறம் போனைப் பாட்டு ஒலிக்கும் பக்கம் நீட்ட வேண்டும். சிறிது நேரத்தில் அழைப்பு தானாகவே துண்டிக்கப்படும். பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கைபேசியை நினைத்துப் பாருங்கள். தொலைபேசி வழியாகப் போகும் ஒலியில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான், அதாவது வினாடிக்கு அத்தனை முறை அதிரும் ஒலிகள்தான் மிஞ்சும். பேச்சுக்கு அது போதும். பாட்டில் அதற்கு மேலே இருக்கும் ஜால்ராவின் மினுக்கு, அதற்குக் கீழே இருக்கும் ட்ரம்ஸின் அடி எல்லாம் வழியிலேயே வெட்டுப்படும். போதாக்குறைக்கு, கைபேசிக்குள் இருந்த சுருக்கும் முறை மனிதப் பேச்சுக்காகவே செய்யப்பட்டது. இசை வந்தால் அதைக் குதறிவிடும். மதுக்கடையில் நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும் நடுவில், இப்படிக் குதறப்பட்ட ஒலியை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான பாட்டுகளில் ஒன்றை அடையாளம் சொல்ல வேண்டும். ஒலி அலையை அப்படியே எடுத்து, சேமித்து வைத்திருக்கும் அலைகளோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதெல்லாம் நடக்காத காரியம். இரண்டும் ஒரு வினாடிகூட ஒத்துப்போகாது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் அந்த நால்வரில் ஒருவரான ஏவரி வாங். 2003-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த இசைத் தகவல் மாநாட்டில் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சில பக்கங்களே உள்ள சிறிய கட்டுரை அது. கணிதப் பின்னணி அதிகம் இல்லாதவரும் முக்கால்வாசி புரிந்துகொள்ளலாம். அதிலிருக்கும் எண்ணத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் படி, ஒலியைப் படமாக மாற்றுவது. காற்றில் வரும் ஒலி ஒற்றை அலைதான். வயலின், தபேலா, பாடகி, பேருந்து எஞ்சின் எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். எந்த அலையையும் பல எளிய அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியவர் பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே. அவர் அதைச் செய்தது இசைக்காக இல்லை. வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்வதற்காக. 1822-இல் அந்த நூல் வெளிவந்தது. இருநூறு ஆண்டு கழித்து நம் சட்டைப் பையில் அந்தக் கணிதம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஃபூரியேயின் முறையில் கணக்கிடுகிறார்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், பலம் கூடக்கூட நிறம் அடர்த்தி. இப்படி வரைந்தால் கிடைக்கும் படத்துக்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். பாட்டு ஒன்றின் நிலப்படம் என்று வைத்துக்கொள்ளலாம். மேடும் பள்ளமுமாக இருக்கும்.

இரண்டாவது படிதான் உயிர்நாடி. அந்தப் படத்தில் சிகரங்களை மட்டும் குறித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். சிகரம் என்றால், சுற்றியிருக்கும் எல்லாப் புள்ளிகளையும்விடப் பலமாக ஒலிக்கிற ஒரு புள்ளி. அந்தச் சிகரம் எவ்வளவு உயரம் என்பதைக்கூட வைத்துக்கொள்வதில்லை. எந்த நேரத்தில், எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்பது மட்டும் போதும். ஐந்து நிமிடப் பாட்டை வினாடிக்கு 8000 மாதிரிகள் (அத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக்குவது) என்ற கணக்கில் பதிவு செய்தால் 24 லட்சம் எண்கள் வரும். சிகரங்களை மட்டும் எடுத்தால் கறுப்புத் தாளில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்த மாதிரி ஆகிவிடும். வாங் இதற்கு விண்மீன் கூட்ட வரைபடம் என்று பெயர் வைத்தார்.

பொருத்தமான பெயர். கிராமத்து மொட்டை மாடியில் படுத்தால் வானத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் தெரியும். சென்னையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பாலானவை மறைந்துவிடும். ஆனால் மார்கழி இரவில் ஓரியன் என்கிற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக இருக்கும் மூன்று நட்சத்திரங்கள் சென்னையிலும் தெரியும். அந்த மூன்றைப் பார்த்ததுமே இது ஓரியன் என்று சொல்லிவிடுவோம். இரைச்சலும் அப்படித்தான். எஞ்சின் சத்தம் பாட்டின் மெல்லிய பகுதிகளை மூழ்கடித்துவிடும். பலமான சிகரங்களோ இரைச்சலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். இரைச்சல் தன் பங்குக்குச் சில போலிப் புள்ளிகளைச் சேர்க்கும்தான். அதனால் பெரிய பாதகமில்லை. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

சரி, புள்ளிகள் கிடைத்துவிட்டன. கோடிக்கணக்கான பாட்டுகளின் புள்ளிகளோடு இதை எப்படி ஒப்பிடுவது? ஒரு புள்ளிக்கு ஓர் அதிர்வெண்தான் அடையாளம். அதைக் குறிக்க 10 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன பத்து இலக்கங்கள் எடுத்துக்கொண்டால் 1024 வகைப் புள்ளிகள்தான் இருக்க முடியும். எல்லாப் பாட்டிலும் எல்லா வகையும் இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவரை 'சிவப்புச் சட்டை போட்டவர்' என்று மைக்கில் சொல்லித் தேடுவது போலத்தான் அது.

அதையே 'சிவப்புச் சட்டைக்காரர், கூடவே மஞ்சள் சேலை கட்டிய அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம்' என்று சொன்னால்? வாங் செய்தது இதைத்தான். ஒவ்வொரு புள்ளியையும் அதற்குச் சற்றுப் பின்னால் வரும் சில புள்ளிகளோடு ஜோடி சேர்த்தார். முதல் புள்ளியின் அதிர்வெண், இரண்டாவதன் அதிர்வெண், இரண்டுக்கும் நடுவில் உள்ள கால இடைவெளி. மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் அதுதான் அந்த ஜோடியின் முகவரி. மூன்றுக்கும் 10 பிட் வீதம் கொடுத்தால், வரக்கூடிய முகவரிகள் நூறு கோடிக்கும் மேல். ஒரு புள்ளிக்குப் பத்து ஜோடி என்று வைத்தால் சேமிக்கும் இடம் பத்து மடங்கு கூடும். தேடும் வேகமோ ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு கூடும் என்று கட்டுரையில் கணக்குக் காட்டுகிறார்.

சேமிப்பில் இருக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த முகவரிகளை முன்கூட்டியே எடுத்து, புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் சொல்லடைவைப் போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். 'இந்த முகவரி இந்தப் பாட்டில் 75-ஆவது வினாடியில் வருகிறது' என்கிற மாதிரி. கைபேசி அனுப்பும் முகவரிகளை நேராக அந்த அடைவில் பார்த்தால் போதும். ஒரு பாட்டையும் எடுத்துப் போட்டுக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது கடைசிப் படி. போலிப் புள்ளிகள் ஏன் பாதிக்காது என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் பதிவு செய்த துண்டில் 2-ஆவது வினாடியில் ஒரு முகவரி. அது ஒரு பாட்டின் 75-ஆவது வினாடியில் இருக்கிறது. வித்தியாசம் 73. துண்டின் 5-ஆவது வினாடியில் இன்னொரு முகவரி, அதே பாட்டில் 78-ஆவது வினாடியில். வித்தியாசம் மறுபடியும் 73. 9-க்கு 82, அதுவும் 73. உண்மையிலேயே அந்தப் பாட்டுதான் ஒலிக்கிறது என்றால் வித்தியாசம் எப்போதும் ஒன்றாகவே வரும், ஏனென்றால் நாம் பாட்டின் 73-ஆவது வினாடியிலிருந்து கேட்க ஆரம்பித்திருக்கிறோம். வேறொரு பாட்டில் தற்செயலாக முகவரி பொருந்தினால் வித்தியாசம் 12, 140, 33 என்று சிதறிக் கிடக்கும். குழந்தையின் அழுகையிலிருந்து பிறந்த போலி முகவரிகளும் அப்படியே சிதறிப்போகும். சிதறியவை ஓரிடத்தில் சேர முடியாது. உண்மையானவை ஒரே இடத்தில் குவிந்துவிடும். எந்தப் பாட்டில் குவியல் எழுகிறதோ அதுவே விடை.

குவியல் பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 15 வினாடித் துண்டில் நூற்றுக்கு ஒன்றிரண்டு முகவரிகள் சேதமில்லாமல் தப்பி வந்தாலே போதும் என்கிறது அந்தக் கட்டுரை. நூற்றுக்கு 98 கெட்டுப்போனாலும் சரியான விடை! இவ்வளவு நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும் வழிமுறைகள் பொறியியலில் அபூர்வம்.

இதே துல்லியம்தான் இதன் எல்லையையும் தீர்மானிக்கிறது. இந்த முறை அடையாளம் காண்பது ஒரு பாட்டை இல்லை, ஒரு ஒலிப்பதிவை. ஒரே பாடகர் ஒரே பாட்டைப் பல முறை பாடிப் பதிவு செய்திருந்தால், காதுக்கு வித்தியாசமே தெரியாவிட்டாலும் எந்தப் பதிவு என்று பிரித்துச் சொல்லிவிடும். மாறாக, மார்கழிக் கச்சேரியில் மேடையில் ஒருவர் 'எந்தரோ மகானுபாவுலு' பாடும்போது கைபேசியை நீட்டினால் இந்த முறைக்கு ஒன்றும் பிடிபடாது. நமக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும் பஞ்சரத்தினக் கீர்த்தனை அது. ஆனால் இன்றைய சுருதி, இன்றைய காலப்பிரமாணம், இன்றைய கமகம் எதுவும் எந்தப் பதிவோடும் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது. தேய்ந்த கேசட்டில் பாட்டு நன்றாக வேகம் கூடி ஓடினாலும் இதே கதிதான். அதிர்வெண்களும் இடைவெளிகளும் ஒருசேர நகர்ந்து, முகவரிகள் எல்லாம் மாறிவிடும்.

தவறாகச் சொல்லிவிட்டது என்று வந்த புகார்களைத் தேடிப் போனால் பல சமயம் இயந்திரம் சொன்னதே சரியாக இருந்திருக்கிறது என்றும் வாங் எழுதுகிறார். ஒரு பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டை இன்னொரு பாட்டுக்குள் வைத்திருப்பார்கள். கேட்பவருக்குத் தெரியாதது புள்ளிகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

வாயால் முணுமுணுத்துத் தேடுவது முற்றிலும் வேறு கணக்கு. 2020 அக்டோபரில் கூகுள் அந்த வசதியைக் கொண்டுவந்தது. அங்கே வாத்தியம், குரல் எல்லாவற்றையும் நீக்கி, மெட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எண் வரிசையாக மாற்றக் கற்ற நரம்பு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்) வேலை செய்கிறது. சுருதி தப்பினாலும் மன்னித்துவிடும். ஆனால் விடையாகப் பல பாட்டுகளை நீட்டி, நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

ஷசாமை 2018-இல் ஆப்பிள் வாங்கிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்த செய்தி இசைக்கே சம்பந்தமில்லாதது. நிலநடுக்கம் பூமிப் பாறையின் ஒரே பிளவில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிகழும்போது, கருவியில் பதிவாகும் அலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரே பாட்டு மறுபடி ஒலிப்பது போல. மிகச் சிறிய நடுக்கங்களோ லாரி போகும் அதிர்விலும் காற்றின் சலசலப்பிலும் மூழ்கிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நிலநடுக்க ஆய்வாளர்கள் பாட்டைக் கண்டுபிடிக்கும் இந்த எண்ணத்தைக் கடன் வாங்கி, நில அதிர்வுப் பதிவிலிருந்து கைரேகை போன்ற அடையாளங்களை எடுத்துத் தேடும் முறை ஒன்றை 2015-இல் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவின் கலவெராஸ் பிளவுக்கு அருகே ஒரே ஒரு நிலையம் ஒரு வாரம் இடைவிடாமல் பதிவு செய்த அதிர்வுகளை அதற்குக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடும் பழைய முறைக்கு ஒன்பது நாளுக்கு மேல் பிடித்த வேலையைப் புதிய முறை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தது. பட்டியலில் ஏற்கெனவே இருந்த 24 நடுக்கங்களில் 21-ஐக் கண்டுபிடித்தது. கூடவே, அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத 68 நடுக்கங்களை அந்த இரைச்சலுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது.