பெரிய டயர் போட்டும் ஜீப் ஏன் நகர மறுக்கிறது?

போடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பழைய மஹிந்திரா ஜீப்புக்குப் பெரிய பட்டன் டயர் மாட்டினேன், இன்ஜினையும் வலுவானதாக மாற்றினேன். ஆனாலும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும்போது பாறையில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் அது மட்டும் வெறுமனே சுற்றுகிறது. இன்னும் பெரிய இன்ஜின் போடலாமா?”

வேண்டாம். வில்லிஸ் வழிவந்த சிஜே3பி ஜீப்பில் முதல் கியர், லோ கியர், ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி மூன்றும் சேர்ந்து இன்ஜினின் முறுக்குவிசையை, அதாவது சுழற்றும் விசையை, ஏறக்குறைய 37 மடங்கு பெருக்குகின்றன. 150 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் சாதாரண இன்ஜின்கூட, உராய்வு இழப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 5,500-ஐத் தொட்டுவிடும். விசைக்குப் பஞ்சமே இல்லை. அது போய்ச் சேரும் இடத்தில்தான் சிக்கல். பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே, அந்த டிஃபரன்ஷியலுக்குள்தான் விஷயம் இருக்கிறது.

திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பது பள்ளியிலேயே படித்தது. எவ்வளவு அதிகம்? போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டி முழு அரைவட்டம் திரும்பினால், இரண்டு சக்கரங்களும் ஓடும் தூரத்தின் வித்தியாசம் சக்கர இடைவெளியைப் போல 3.14 மடங்கு. இடைவெளி 1.4 மீட்டர் என்றால் வித்தியாசம் 4.4 மீட்டர். வளைவு குறுகலோ அகலமோ, இந்த எண் மாறாது! இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியல்.

கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் ஒரு கூண்டைச் சுழற்றுகிறது. கூண்டின் குறுக்கே ஒரு தண்டு, அதில் தாராளமாகச் சுழலும் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள். ஒவ்வொரு பினியனின் ஒரு பக்கப் பல் இடது ஆக்சிலின் கியரோடும் மறுபக்கப் பல் வலது ஆக்சிலின் கியரோடும் கடித்திருக்கும். உழவு மாட்டு நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். இழுவை நடுவில் கட்டியிருக்கிறது, மாடுகள் இரு முனையில். ஒரு மாடு விசையைத் தளர்த்தினால் தடி திரும்பிக்கொள்ளுமே தவிர, இன்னொன்றால் தனியாக ஏரை இழுக்க முடியாது. பினியனும் அப்படித்தான். தண்டின் மேல் அது தடையில்லாமல் சுழல்வதால் இரு முனைக்கும் எப்போதும் ஒரே அளவு விசைதான் கிடைக்கும். அதாவது டிஃபரன்ஷியல் வேகத்தைத்தான் பிரித்துக் கொடுக்கிறது. முறுக்குவிசையைச் சரிபாதியாகவே வைக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான். நாலு கியரை இப்படி அடுக்கியதிலேயே இத்தனை நேர்த்தி!

அந்த நேர்த்தியே மலையில் காலை வாருகிறது. சேற்றில் நிற்கும் சக்கரம் வழுக்காமல் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்று வைப்போம். பாறைமேல் நிற்கும் அடுத்த சக்கரம் 1,000 தாங்கும். ஆனால் அதற்கும் 100-தான் போகும். சக்கரம் அந்தரத்தில் நின்றாலோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபோர் வீல் போட்டாலும் முன்னால் இடதும் பின்னால் வலதுமாக மூலைக்கு மூலை தூக்கிவிட்டால் கதை அதேதான். ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனித்தனி டிஃபரன்ஷியல் அல்லவா?

கம்பம் பள்ளத்தாக்கில் ட்ராக்டர் ஓட்டுபவர்களுக்கு இதன் மருந்து தெரியும். ட்ராக்டரில் இடது வலது பிரேக் தனித்தனி. வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்தால் அந்தப் பக்கம் எதிர்ப்பு கூடும், மறுபக்கத்துக்கும் அதே அளவு விசை கூடும். புதிய வண்டிகளில் கணினி செய்வதும் இதைத்தான்.

இன்னொரு வழி லாக்கர், அதாவது இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டிவிடும் கருவி. 2015-இல் மஹிந்திராவின் ‘தார்’ ஜீப்பில் வந்த இயந்திர லாக்கருக்கு ஒயரும் கிடையாது, பட்டனும் கிடையாது. இரு சக்கர வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் உள்ளே இருக்கும் குட்டி எடைகள் வெளியே விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். உடனே ஒரு சாய்வுத் தட்டு நகர்ந்து கிளட்ச் தகடுகளை நெருக்கும். இரண்டு ஆக்சிலும் ஒன்றாகிவிடும். தார்ச்சாலை வேகத்தில் இன்னொரு கொக்கி விலகி, பூட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும். பூட்டிய நிலையில் திரும்பினால் அந்த 4.4 மீட்டரை டயர்தான் தேய்ந்து தீர்க்க வேண்டும்.

டயர் விஷயம் சுருக்கமாக: 29 அங்குலத்திலிருந்து 32-க்குப் போனால் ஆக்சில் ஒன்றரை அங்குலம் உயரும், இழுவை 9 சதவீதம் குறையும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். காசில்லாத வழி, காற்றைக் குறைப்பது. பாதி காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு நன்றாகவே கூடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் நிரப்பிவிடுங்கள்.

வண்டி அடிக்கடி மாட்டும் இடத்தை முனி இழுக்கும் இடம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே எலுமிச்சை வைப்பதற்கு முன் குனிந்து பாருங்கள், குறுக்காக ஒரு பள்ளம் இருக்கும். பழைய டிஃபரன்ஷியல் ஒன்றை அறுத்துத் திறந்து ஒவ்வொரு மலையோரப் பள்ளியிலும் வைக்க அரசு செலவழிக்கலாம். கையால் சுற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு முனி தேவைப்படாது.

வாசகருக்கு இன்னொன்று. தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். தமிழகத்திலிருந்து கேரள எல்லை தாண்டி ஓட்டும் வண்டி, இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி பெற்று ஆர்சியில் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.