மேக்கர்ஸ்பேஸ் சாவி நூலகரிடம் ஏன் இருக்க வேண்டும்?

பள்ளி நூலகத்துக்குள் மேக்கர்ஸ்பேஸ், அதாவது பிள்ளைகள் தங்கள் கையால் பொருள்களைச் செய்து பார்க்கும் பட்டறை, வருகிறது என்றதும் எழும் முதல் கேள்வி, "அதை ஏன் நீங்க பார்க்கணும்? இயற்பியல் மிஸ்ஸோ கம்ப்யூட்டர் சாரோ பார்த்துக்க மாட்டாங்களா?" என்பதுதான். சக ஆசிரியர்கள் கேட்பார்கள், பெற்றோர் கேட்பார்கள், சில நூலகர்களே கேட்கிறார்கள். ஏற்கெனவே புத்தகம், பாடநூல் விநியோகம், பதிலி வகுப்பு என்று தலைக்கு மேல் வேலை. இதில் ஸ்க்ரூடிரைவரும் பசையும் வேறா என்ற அலுப்பு எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தச் சாவி நூலகரிடம் இருப்பதுதான் சரி என்பது இந்த இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு.

ஆய்வகத்தில் சோதனையின் விடை முன்பே தெரியும். ஓம் விதியைச் சரிபார்க்கிறோம். வரைபடம் நேர்கோடாக வரவில்லை என்றால் அளந்ததில் பிழை என்று பொருள். அங்கே அது அப்படித்தான் இருக்க வேண்டும். நூலகத்தில் பாடத்திட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. ஆறாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் ஒரே மேசையில் உட்காரலாம். "இது போர்ஷன்ல இல்ல" என்று யாரையும் திருப்பி அனுப்பாத அறை பள்ளியில் அது ஒன்றுதான்.

இன்னொரு காரணம் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. நூலகவியல் படித்தவர்களுக்கு ரெஃபரன்ஸ் இன்டர்வியூ என்றால் தெரியும். வாசகர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று. பேசிப் பேசித்தான் அதை வெளியே எடுக்க முடியும். ஒரு பையன் வந்து "ரோபோ புக் இருக்கா மிஸ்?" என்கிறான். அலமாரியைக் காட்டி அனுப்பிவிடலாம். நாலு வார்த்தை பேசினால், தங்கையின் பொம்மைக் கார் ஓடவில்லை, அதன் மோட்டாரைக் கழற்றினால் மறுபடி மாட்ட முடியுமா என்பதுதான் அவன் கேள்வி என்று தெரியவரும். அவனுக்கு அன்று தேவை ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், இரண்டு ஒயர், ஒரு பேட்டரி, பக்கத்தில் நிற்க ஓர் ஆள். புத்தகம் மறுநாள் தேவைப்படும். மேக்கர்ஸ்பேஸ் நடத்துவதில் முக்கால்வாசி இந்தப் பேச்சுதான்.

இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிரி என்கிறது. அதைத் தேர்வில் எழுதாத நூலகர் இல்லை. 2011 வாக்கில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஃபயட்வில் என்ற ஊரின் பொது நூலகம் தன் கட்டடத்துக்குள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தோடு ஒரு பட்டறையை ஏற்படுத்தத் தொடங்கியபோது, நூலக உலகில் பலர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பல நாடுகளில் நூலகங்கள் அதே வழியில் போயின. எதையும் செய்து பார்க்கும்போதுதான் மனம் நன்றாகக் கற்கிறது என்று கல்வியாளரும் கணினி அறிஞருமான சீமோர் பேப்பர்ட் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டார். அவர் பங்கெடுத்து 1967இல் உருவான, பிள்ளைகளுக்கான லோகோ நிரல் மொழியின் வாரிசு என்றே 2007இல் வெளிவந்த ஸ்க்ராட்ச் நிரல் மொழியைச் சொல்லலாம். வரலாறு இவ்வளவு போதும், மேசைக்கு வருவோம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தோழிக்குப் பிறந்தநாள் வாழ்த்தட்டை செய்துகொண்டிருந்தாள். அட்டைக்குள் செப்பு டேப் ஒட்டி, பட்டன் செல்லும் எல்இடியும் வைத்தால் மெழுகுவர்த்தி எரிவதுபோல் இருக்கும். ஒட்டி முடித்தாள், எரியவில்லை. "மிஸ், லைட் ஃப்யூஸ் போயிடுச்சு" என்று வந்தாள். எல்இடியை நேராகச் செல்லின் இரு பக்கமும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நீளமான கால் பிளஸ் பக்கம். பளிச்சென்று எரிந்தது. அப்போ லைட்டில் பிரச்சினை இல்லை. "செல் தீர்ந்துடுச்சா?" இப்போதுதானே எரிந்தது. பிரச்சினை நடுவில் எங்கோ இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

எங்கே என்று எனக்குப் பார்த்ததுமே தெரியும். மூலை திரும்பும் இடத்தில் டேப்பை வெட்டி, இன்னொரு துண்டை அதன்மேல் ஒட்டியிருந்தாள். செப்பின் வழியாக மின்சாரம் போகும். ஆனால் பல டேப்புகளில் அடியிலிருக்கும் பசை கடத்தாது. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் கண்ணுக்கு இணைந்ததுபோல் தெரியும், நடுவில் பசைப் படலம் உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். சொல்லவில்லை. மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்து, செல்லைக் கழற்றிவிட்டு, டேப் வழியே இரண்டு முனையையும் நகர்த்திப் பார் என்று கொடுத்தேன். பீப், பீப் என்று போனது மூலையைத் தாண்டியதும் நின்றது. திரும்பத் திரும்ப அங்கேயே வைத்துப் பார்த்தாள். பிறகு துண்டைப் பிய்த்துவிட்டு, வெட்டாமல் மூலையில் மடித்தே திருப்பி ஒட்டினாள். எரிந்தது. உடனே அடுத்த கேள்வி: "பசை மட்டும் ஏன் மிஸ் கடத்த மாட்டேங்குது?" அதற்குத்தான் பின்னால் அலமாரி இருக்கிறது. மின்னியல் பற்றிய ஒரு புத்தகம் அன்று அவள் பெயரில் இஷ்யூ ஆனது. 'வாசிப்பை ஊக்குவிப்போம்' என்று எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்தப் புத்தகம் அலமாரியை விட்டு நகர்ந்திருக்காது.

எங்கள் வகைப்பாட்டு எண்களும் இங்கே கைகொடுக்கின்றன. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூவி முறையில் மின்பொறியியல் 621.3, காகித மடிப்பு 736, தையலும் பின்னலும் 746, மரவேலை 684, பறவைகள் 598. மேசையில் ஒருவன் பறவைக்கூடு செய்கிறான் என்றால் அவன் 684க்கும் 598க்கும் நடுவில் நிற்கிறான். எவ்வளவு பெரிய துளை போட்டால் எந்தப் பறவை உள்ளே வரும் என்று தெரியாமல் பலகையில் துளை போட முடியாது. இதனால் கருவிப் பெட்டிகளின் மேலும் அந்தந்த எண்ணையே எழுதி ஒட்டுகிறேன். பெட்டியைத் திருப்பி வைக்கப் போகும் பிள்ளையின் கண் பக்கத்து அலமாரியில் தானாக விழும். விழாமலும் போகலாம், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, இயந்திரங்களுக்கு வருவோம். மேக்கர்ஸ்பேஸ் என்றதும் நிர்வாகம் முதலில் வாங்க நினைப்பது 3டி பிரிண்டரைத்தான். திறப்பு விழாப் படத்தில் அது அழகாக இருக்கும். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக வாங்குங்கள். கணக்கு எளிது: ஒரு சாவிக்கொத்துப் பொம்மை அச்சாக அரை மணி நேரம் என்று வைத்தால்கூட, நாற்பது பேர் வகுப்புக்கு இருபது மணி நேரம். அதுவரை மற்றவர்கள் இயந்திரத்தை வேடிக்கை பார்ப்பார்கள். இணையத்தில் யாரோ வரைந்ததை டவுன்லோடு செய்து அப்படியே அச்சிடுவது ஜெராக்ஸ் எடுப்பதற்குச் சமம். தானே அளந்து, வரைந்து, உடைந்துபோன ஜன்னல் கொக்கிக்கு மாற்றுத் துண்டு செய்யும் நிலைக்கு வந்த பிள்ளைகள் இருக்கும்போது அந்த இயந்திரத்துக்கு வேலை இருக்கும். அதுவரை அட்டைப்பெட்டி, கத்தரிக்கோல், நூல், மரக்குச்சி, கழித்துப்போட்ட பொம்மைகளின் மோட்டார் இவையே போதும். கொஞ்சம் நிரலாக்கம் வேண்டுமென்றால் மைக்ரோபிட் போன்ற சின்னக் கணினிப் பலகை நல்லது. 2016இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பிபிசி கொண்டுவந்த பலகை அது.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பயப்படுவது தவறான பொருளுக்கு. கத்தியைப் பார்த்தால் எல்லோரும் பதறுகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது பட்டன் செல்லுக்குத்தான். நாணயம் அளவுள்ள லித்தியம் செல்லை ஒரு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படக்கூடும். செல் உடைந்து கசிய வேண்டியதில்லை. ஈரமான சதையில் பட்டதும் மின்னோட்டம் உண்டாகி, அந்த இடத்தில் காரம் உருவாகி அரிக்கிறது. 'தீர்ந்துபோன' செல்லிலும் அந்த அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை விழுங்காது. ஆனால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் அங்கே தம்பி தங்கை இருப்பார்கள். அதனால் செல்லை எண்ணிக் கொடுக்கிறேன், எண்ணி வாங்குகிறேன். பழைய செல்லின் இரு பக்கமும் (செப்பு டேப் அல்ல) சாதாரண பிளாஸ்டிக் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடுகிறோம். செல்லோடு வீட்டுக்குப் போகும் வாழ்த்தட்டை என்றால், செல் கழன்று வராதபடி மூடி ஒட்டியிருக்க வேண்டும், பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாராவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வலி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. நேராக மருத்துவமனை.

மற்றவை சுருக்கமாக. பசையை உருக்கி ஒட்டும் குளூ கன்னில் அதிக வெப்ப வகையின் பசை 190 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பள்ளிக்குக் குறைந்த வெப்ப வகையை வாங்குங்கள், அதுவும் சுடும். 3டி பிரிண்டரின் முனை பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழைக்கே 200 டிகிரியைத் தொடும். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் இழையைப் பள்ளிக்குள் விடவே வேண்டாம், அதன் புகை நல்லதில்லை. எந்த இழையாக இருந்தாலும் ஜன்னலோரம், பிள்ளைகள் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி, காற்றோட்டத்தோடு வைக்க வேண்டும். உலோகத்தை உருக்கி ஒயர்களை இணைக்கும் சால்டரிங்கை நூலகத்துக்குள் நான் அனுமதிப்பதில்லை. ஒயரைக் கவ்விப் பிடிக்கும் முதலைக் கிளிப்பும் செப்பு டேப்பும் செய்யாத இணைப்பு இந்த வயதில் அரிது.

சத்தம் ஒரு நிஜமான சண்டை. மூலையில் உட்கார்ந்து கதை படிக்கும் குழந்தைக்கு அந்த நூலகத்தில் முதல் உரிமை உண்டு. சுத்தியல் சத்தத்தில் அந்தக் குழந்தை வெளியேறினால், மேக்கர்ஸ்பேஸ் நூலகத்தை வளர்க்கவில்லை, விழுங்குகிறது என்று அர்த்தம். தனி அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் நேரத்தைப் பிரிக்க வேண்டும். அட்டை வெட்டுவது, தைப்பது எப்போதும், தட்டுவது அறுப்பது குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். புத்தக அலமாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேசை போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

குழுவில் யார் கையில் கருவி இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டால் பெரிய பையன்கள் மோட்டாரை எடுத்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகளுக்கு வண்ணக் காகிதம் ஒட்டும் வேலை போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அப்படியே பழகியிருக்கிறது. ஒவ்வொரு அமர்விலும் ஸ்க்ரூடிரைவர் கை மாற வேண்டும் என்ற ஒரு விதியை வைத்தால் பாதி சரியாகிவிடும். மீதிக்கு நாம் பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. நூலகர் சும்மா இருக்கிறார் என்ற எண்ணத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மேக்கர்ஸ்பேஸ் நடக்கும் நேரத்தில் புத்தகக் கவுண்டரில் வேறொருவர் இருக்க வேண்டும். சூடான கருவியோடு பிள்ளைகளை விட்டுவிட்டு ரிட்டர்ன் போட எழுந்து போக முடியாது. கால அட்டவணையில் அதற்கென்று பீரியட் இருக்க வேண்டும். பதிலி வகுப்புக்கு அந்த நேரத்தில் நூலகரைக் கூப்பிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஸ்டாக் ரெஜிஸ்டர். புத்தகம் தொலைந்தால் நூலகர் பொறுப்பு என்ற பயத்தில் வளர்ந்த தொழில் இது. எல்இடி எரிந்து போகும், டேப் தீரும், மோட்டார் உடையும், ஒயர் துண்டுதுண்டாகும். இவற்றையும் புத்தகம்போல ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எண் (அக்ஸஷன் எண்) போட்டு வைத்தால், எந்த நூலகரும் அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் கைக்கு ஒன்றும் போகாது. கருவிகளுக்கு ஒரு பதிவேடு, தீர்ந்துபோகும் பொருள்களுக்கு வேறொரு பதிவேடு. இரண்டாவதில் வாங்கிய தேதியும் தீர்ந்த தேதியும் இருந்தால் போதும், கணக்குத் தீர்க்கத் தனி அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நிர்வாகம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. தலைமையாசிரியர் மாறுவார், சரிபார்க்க வருபவரும் மாறுவார், கையெழுத்துப் போட்ட காகிதம்தான் கோப்பில் இருக்கும்.