தனக்கா பூசும் முன் குழந்தையின் தோலைப் பாருங்கள்

ரங்கூன் சித்திரை வெயிலில் குழந்தையின் கழுத்தில் பொரிப்பொரியாகக் கிளம்பினால் வீட்டில் முதலில் கைபோவது தனக்கா கட்டைக்கு, அதாவது பர்மாவில் தண்ணீர் விட்டு உரைத்துத் தோலில் பூசும் மரக்கட்டைக்கு. காய்ச்சலும் சேர்ந்தால் மஞ்சள், வேப்பிலை. பூச்சு காய்ந்தபின் தடிப்பின் நிறமும் உருவமும் மறைந்துவிடும். அதனால் முதலில் கழுவுங்கள். சட்டையைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கழுத்து மடிப்பு, முதுகு, அக்குளில் மட்டும் சிறு பொரிகள், காய்ச்சல் இல்லை என்றால் பெரும்பாலும் வேர்க்குரு. வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது. அதன்மேல் எண்ணெயோ கெட்டிப் பூச்சோ கூடாது. பச்சைத்தண்ணீர்க் குளியல், பருத்திச் சட்டை, காற்றோட்டம் போதும்.

இரவில் அரிப்பு கூடுகிறதா? விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பாருங்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்காலிலும். வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் அநேகமாகச் சொறிப்பூச்சிதான். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம்வரை, நகத்தடி விடாமல் பூசி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். 7 நாள் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கு அளவும் முறையும் மருத்துவர் சொல்லட்டும். சொறிகிற பிள்ளைக்கு மட்டும் பூசுவதால்தான் பல வீடுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. அரிப்பில்லாதவர் உட்பட அத்தனை பேரும் ஒரே இரவில் பூச வேண்டும். மழைக்காலத்தில் போர்வை காயாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வையுங்கள், பூச்சி செத்துவிடும். அதன்பின்னும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று தினமும் பூசாதீர்கள்.

வட்டமாக, ஓரம் தடித்துப் பரவுவது படர்தாமரை. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் சிவப்பை அடக்கிக் காட்டும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும்.

காய்ச்சலோடு வரும் தடிப்பு வேறு கணக்கு. சளி, இருமல், சிவந்த கண், மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், பிறகு காதுக்குப் பின்னும் முகத்திலும் தொடங்கிக் கீழிறங்கும் தடிப்பு: தட்டம்மை. சின்னம்மையில் பொரி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தெரியும். வாசலில் வேப்பிலை கட்டுவதில் குற்றமில்லை, ஆனால் தட்டம்மைக் குழந்தைக்கு வைட்டமின் ஏ தேவை; அதை மருத்துவர்தான் தருவார்.

கண்ணாடி டம்ளரைத் தடிப்பின்மேல் அழுத்துங்கள். நிறம் மறையாமல் புள்ளியாகவே நின்றால், காய்ச்சலும் இருந்தால், அப்போதே ஆஸ்பத்திரி. கருத்த தோலில் தெரியாவிட்டால் உள்ளங்கால், இமையின் உட்புறம் பாருங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது. அன்று வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தப்போக்கைக் கூட்டும்.