மடிநோய் எதிர்ப்புத்திறன்: ‘அழற்சி எதிர்ப்பு’ ஏன் ஆகாது?

பிரான்சின் லக்கோன் செம்மறிகளைப் பற்றிய ஒரு தமிழாக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘மார்பக அழற்சி எதிர்ப்பு மரபணு’ என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தார்கள். திருவட்டாறில் ஆடு வளர்க்கும் என் சித்தி வாசித்துவிட்டு, “மக்கா, இது பொம்பளைகளுக்குள்ள சூக்கேடா?” என்று கேட்டார். சூக்கேடு என்றால் எங்கள் ஊரில் நோய். அவர் கேட்டதில் என்ன தப்பு?

மூலச்சொல் மாஸ்டைட்டிஸ். மாஸ்டோஸ் என்றால் கிரேக்கத்தில் முலை, ஐட்டிஸ் என்ற ஈறு அழற்சி. பெண்ணுக்கும் ஆட்டுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். நமக்கு அப்படியில்லை. ஆட்டுக்கு மடி, அதில் காம்பு. செருத்தல் என்ற பழஞ்சொல்லும் உண்டு, ஆனால் இன்று தொழுவத்தில் அது விளங்காது. கறப்பவர்கள் சொல்வது மடிநோய், மடிவீக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் அகிடுவீக்கம். மார்பகம் எங்கிருந்து வந்தது?

சரி, மார்பகத்தை விட்டுவிட்டு ‘மடியழற்சி’ என்பவர்களும் இருக்கிறார்கள். நோயை மட்டும் குறிக்க அது போதும். அதோடு ‘எதிர்ப்பு’ சேரும்போதுதான் பொருள் கெடுகிறது. அழற்சி எதிர்ப்பு என்றால் தமிழில் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து என்று ஏற்கெனவே பழகிவிட்டது. ஆடு எதிர்ப்பதோ கிருமியை. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி காம்புத் துளை வழியே நுழைந்ததும் அதைக் கொல்ல வெள்ளணுக்கள் மடிக்குள் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலோடு வருவதுதான் அழற்சி. அதையே எதிரியாக்கினால் காவல்காரனைத் திருடன் என்றதாகிவிடும்.

பாலில் இந்த அணுக்களை எண்ணித்தான் மடியின் நிலையை அறிகிறார்கள். அந்த எண்ணிக்கை ஆட்டுக்கு ஆடு மாறுவதில் மரபின் பங்கு பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கிடாவைத் தேர்ந்தெடுத்தால் பலன் தெரியும். “அப்பம் கெடாவப் பாத்துல்லா வாங்கணும்” என்றார் சித்தி, மடிநோய் எதிர்ப்புத்திறன் என்று நான் சொன்ன மறுகணமே.

லக்கோனில் சாக்ஸ்-2 (SOCS2) என்ற மரபணுவின் திரிபு ஒன்றை 2015-இல் அறிவித்தார்கள். உடம்பின் சமிக்ஞைகளுக்குக் கடிவாளம் போடுவது அதன் வேலை. திரிபில் கடிவாளம் தளர்கிறது. ஆட்டின் உடம்பு பெருக்கிறது, பாலும் கூடுகிறது, மடிநோயும் எளிதில் பற்றுகிறது. இதைப் போய் ‘அழற்சி எதிர்ப்பு மரபணு’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன மிஞ்சும்?

‘மடிநோய்த் தடுப்பு மரபணு’ என்பதும் வேண்டாம். கை கழுவுவதும், கறந்தபின் காம்பை மருந்தில் முக்குவதும்தான் தடுப்பு. அது நாம் செய்வது, ஆட்டின் பிறப்பில் வருவதில்லை.