ஐந்து புட்டி, ஆறு கோப்பை: இளம் ஷாப்லியை ஒப்பிடும் முறை

நண்பர்கள் கூடி வெள்ளை ஒயின் புட்டிகளைத் திறந்தால், "இது அருமை, அது மட்டம்" என்ற தீர்ப்பு பத்தே நிமிடத்தில் வந்துவிடும். அந்தத் தீர்ப்பில் பெரும்பாலும் ஒயினைவிட ஃப்ரிட்ஜுக்குத்தான் பங்கு அதிகம்.

ஒப்பிட்டுப் பழக பிரான்சின் ஷாப்லி வசதியான ஊர்; அங்கே விளையும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர்தான். பர்கண்டி என்ற ஒயின் வட்டாரத்தின் வடகோடியில் இருக்கிறது. திராட்சை ஷார்டொனே ஒன்றுதான். கிராண்ட் க்ரூ என்ற உயர்படித் தோட்டங்கள் ஏழும் செரன் ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு பார்த்த ஒரே சரிவில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே அறுவடை ஆண்டில் வாங்கினால், தெரியும் வித்தியாசம் நிலத்தாலோ செய்முறையாலோ வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

ஐந்து புட்டி போதும்: சாதா ஷாப்லி ஒன்று, இடக்கரைத் தோட்டமான மோன்மேன், வலக்கரைத் தோட்டமான மோந்தே த தொனேர், கிராண்ட் க்ரூ தோட்டமான லே குளோ, மரப்பீப்பாயில் வைத்த ஷாப்லி ஒன்று. கோப்பைகள் மட்டும் ஆளுக்கு ஆறு. ஐந்தில் ஏதோ ஒன்றை ஒருவர் மறைவாக இரண்டு கோப்பைகளில் ஊற்றி, வேறு வேறு எண் போட்டுவிட வேண்டும். அந்த இரண்டுக்கும் எட்டாத தூரத்தில் மதிப்பெண் போட்டவர் மற்ற நான்கைப் பற்றிச் சொல்வதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்கலாம். கோப்பைக்கு 50 மி.லி. என்றால் 750 மி.லி. புட்டியில் 15 ஊற்று வரும். ஒரு புட்டி இரட்டிப்பாகச் செலவாவதால் ஏழு பேருக்கு மேல் கூட்டாதீர்கள். புட்டிகளைத் தாளில் சுற்றினால் மட்டும் போதாது. கார்க்கிலும் பெயர் அச்சாகியிருக்கும், அதையும் ஒளித்துவையுங்கள்.

இனி குளிர். ஃப்ரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்து அப்படியே ஊற்றினால் மணம் அடங்கிப்போய், புளிப்பு மட்டும் துருத்தி நிற்கும். லே குளோவும் சாதா ஷாப்லியும் ஒன்றுபோலவே தோன்றும். 10 டிகிரியில் தொடங்குங்கள். நம் ஊர் வெக்கையில் கோப்பையிலேயே 13, 14-க்கு ஏறிவிடும். அப்போது இரண்டாம் சுற்று முகருங்கள். 18-ஐத் தாண்டினால் சாராய நெடி முந்திக்கொள்ளும். ஐந்து புட்டியும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்ததையும் உள்ளே ஆழத்தில் இருந்ததையும் ஒப்பிடுவது வீண்வேலை.

கோப்பையை நெருங்கியதும் தீக்குச்சி உரசிய வாடை வந்தால் பதறாதீர்கள். அது காற்றுப் படாமல் அடைந்த கந்தகச் சேர்மங்களின் வேலை. பத்து நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் குறைந்துவிடும். மழையில் நனைந்து காயாத அட்டைப்பெட்டி வாடை வேறு. அது கார்க் கெட்டதால் வருவது, சுழற்றச் சுழற்றக் கூடும். அந்தப் புட்டியை ஒதுக்கிவிடுங்கள், தோட்டத்தின் மீது பழி போடாதீர்கள். அறுத்து வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் மணத்தோடு நிறமும் அடர்மஞ்சளாக இருந்தால், இளம் வயதிலேயே காற்று ஏறிவிட்டது என்று பொருள். அடியில் தங்கும் சர்க்கரை போன்ற படிகம் டார்டரேட் உப்பு, குற்றமில்லை.

புளிப்பை அளக்க எளிய வழி: ஒயினை விழுங்காமல் சுவைத்துத் துப்பியபின் வாயில் எச்சில் எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று பாருங்கள். வெண்ணெய் மணம் வந்தால் மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும்போது உண்டான டைஅசிட்டைல் காரணம். வெனிலா வாசம் புதுப் பீப்பாயினுடையது. இடையே வெறும் ரொட்டி, தண்ணீர் போதும். சீஸ் புளிப்பை மழுக்கிவிடும். ஊதுபத்தி, மல்லிகைச் சரம், வாசனைத் திரவியம் எதுவும் அந்த அறையில் கூடாது.

துப்பத் தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 12.5 சதவீத ஒயின் ஆறு கோப்பை விழுங்கினால் உள்ளே போகும் ஆல்கஹால் சுமார் 30 கிராம். இந்தியச் சட்டப்படி ஓட்டுநரின் 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் இருந்தாலே குற்றம். இந்த அளவு பலரை அந்தக் கோட்டைத் தாண்டவைக்கும். துப்பினாலும் சிறிது உள்ளே போகத்தான் செய்யும், ஆகவே வண்டிச் சாவி வேண்டாம். இவ்வளவு அமிலம் பட்ட பல்லை உடனே துலக்கினால் எனாமல் தேயும்; வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மீந்ததைக் கார்க்கால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் மாலை அதே எண் வரிசையில் முகருங்கள். முதல் நாள் இறுகிக் கிடந்த கிராண்ட் க்ரூ அன்றைக்குத்தான் வாய் திறக்கும்.