கார்புரேட்டருக்குக் காது முளைத்தபின் செயின்சாவில் பவர் ஏற்றுவது எப்படி

சாயல்குடி பக்கம் சீமைக்கருவேலம் அறுக்கிற நண்பர் ஒருவர் புதிதாக செயின்சா வாங்கியிருக்கிறார். பழைய மெஷினில் சைலன்சரைத் திறந்துவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரின் ஸ்குரூவைத் திருகி இழுவை ஏற்றிப் பழகிய கை அவருடையது. புதுசைப் பிரித்துப் பார்த்துவிட்டு போன் போட்டார்: "கார்புரேட்டர்ல திருகுறதுக்கு ஒண்ணுமே இல்லண்ணே, ஒரு வயர்தான் உள்ள போகுது. இதுல எப்படி பவர் ஏத்துறது?" நல்ல கேள்வி. ஏற்றலாம், பழையதைவிடச் சுலபமாகவே ஏற்றலாம், ஆனால் அந்த வயர் என்ன செய்கிறது என்று தெரியாமல் கை வைத்தால் பிஸ்டன் போய்விடும்.

முதலில் கலவை. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மண் பூசிய மூட்டத்தில் துளையைத் திறந்தும் அடைத்தும் காற்றை அளக்கிறார்கள், வெள்ளைப் புகை மெலிந்து நீலமாவதைப் பார்த்துப் பதம் தெரிந்துகொள்கிறார்கள். இன்ஜினுக்குள்ளும் இதே மாதிரி ஒரு காற்றுக் கணக்குதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் அதிகபட்ச பவர் கிடைப்பது அந்த இடத்தில் இல்லை, பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக, கிராமுக்கு 12.5 அல்லது 13 கிராம் காற்று இருக்கும்போதுதான். அதற்கு மேலும் பெட்ரோல் கூடினால் புகையும் மந்தமும். குறைந்தால்தான் ஆபத்து. சூடு ஏறும், அதோடு டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலில் கலந்துதானே வருகிறது (லிட்டருக்கு 20 மில்லி), பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு கூடிய நேரத்தில் வழுவழுப்பும் போய், பிஸ்டன் சிலிண்டரில் இழுபட்டு, இறுகிப்போய் சீஸ் ஆகிவிடும்.

பழைய மெஷினில் இதைக் காதால் பிடிப்போம். காலியாக முழு ரேஸ் கொடுத்தால் லேசாகக் கமறுகிற மாதிரி ஒலிக்க வேண்டும், செயின் ஓடுகிற தகட்டை, அதாவது பாரை, மரத்தில் வைத்ததும் கமறல் மறைந்து சத்தம் தெளிய வேண்டும். அதுதான் சரியான இடம். சிக்கல் என்னவென்றால் அந்த இடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கடலோரத்தில் 40 டிகிரி வெயிலில் இருக்கும் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட சுமார் 6 சதவீதம் லேசு. அதே மெஷினைக் கொடைக்கானலுக்கு, 2,100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் ஐந்தில் ஒரு பங்கு காற்று காணாமல் போயிருக்கும், கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் கிராமுக்கு 9 கிராம் காற்று போதும். அதாவது, ஸ்குரூவைத் தொடாமலேயே எத்தனாலால் உங்கள் கலவை பெட்ரோல் குறைந்த பக்கம் நகர்ந்துவிட்டது.

புது மெஷின்கள் அந்தக் காதை இன்ஜினுக்குள்ளேயே வைத்துவிட்டன. ஹஸ்குவர்னா கம்பெனி மெஷினில் ஆட்டோடியூன் என்பார்கள், ஸ்டில் கம்பெனியில் எம்-ட்ரானிக். காரில் இருப்பதுபோல சைலன்சரில் ஆக்சிஜன் சென்சார் எதுவும் இல்லை, பேட்டரியும் இல்லை. இன்ஜினோடு சேர்ந்து மேக்னட் சுற்றும்போது காயிலில் உண்டாகிற மின்சாரம்தான் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் மூளைக்குச் சாப்பாடு, அந்த மேக்னட் ஒவ்வொரு சுற்றிலும் காயிலைக் கடக்கிற நேரம்தான் தகவல். நிமிடத்துக்கு 14,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 4.3 மில்லிசெகண்ட், ஒரு சுற்று கொஞ்சம் பிந்தினாலும் அந்த மூளைக்குத் தெரிந்துவிடும். நீங்கள் அறுத்துக்கொண்டிருக்கும்போதே, பெட்ரோல் வழியில் இருக்கிற சின்ன மின்காந்த வால்வை வைத்து ஒரு கணம் கலவையை மாற்றிப் பார்க்கும். பெட்ரோலைக் குறைத்ததும் வேகம் கூடினால், இதுவரை பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். குறைத்ததும் வேகம் விழுந்தால், ஏற்கெனவே குறைவு. கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாள் அங்கிருந்தே தொடங்கும். எந்த சென்சாரும் இல்லாமல், ஒரு மேக்னட்டின் துடிப்பை மட்டும் வைத்து இதைச் சாதித்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

சரி, பவருக்கு வருவோம். இந்தக் கார்புரேட்டர் தானாகப் பவரைக் கூட்டாது. பவர் கூட வேண்டுமானால் இன்ஜினுக்குள் காற்று அதிகம் போய்வர வேண்டும், அதற்கு முதல் வழி சைலன்சர். புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் சத்தத்துக்காகவும் கம்பெனி வாசலை மிகச் சின்னதாகத்தான் வைத்திருக்கும். செய்கிறவர்களின் கைக்கணக்கு, சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துளையின் பரப்பில் 75 முதல் 80 சதவீதம் வரை வெளிவாசலைத் திறப்பது. அதற்கு மேல் திறந்தால் எரியாத கலவையும் சேர்ந்து வெளியே ஓடிவிடும், சத்தம்தான் மிச்சம். பழைய மெஷினில் இதைச் செய்தவுடன் முழு ரேஸுக்கான பெட்ரோல் ஸ்குரூவான ஹெச் ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டியே ஆக வேண்டும், மறந்தால் பிஸ்டன் போச்சு. புதியதில் நாலைந்து நீளமான அறுப்பு போட்டால் அதுவாகக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், தீப்பொறி வலையைக் கழற்றாதீர்கள். காய்ந்த புல்லும் பனை ஓலைச் சருகும் கிடக்கிற காட்டில் ஒரு பொறி போதும்.

அடுத்தது சிலிண்டருக்கு அடியில் இருக்கிற பேக்கிங்கை எடுத்துவிட்டுக் கம்ப்ரெஷன் ஏற்றுவது. ஏறும், ஆனால் சிலிண்டர் இறங்குவதால் அதன் சுவரில் கலவையும் புகையும் போய்வருகிற துளைகள், அதாவது போர்ட், திறக்கிற நேரமும் மாறும். பிளக் துளை வழியாக ஈயக்கம்பியை விட்டு, இன்ஜினை ஒரு சுற்று கையால் சுற்றி, நசுங்கிய கனத்தை அளந்துபார்க்காமல் இதைத் தொடவே கூடாது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் மண்டைக்கும் நடுவில் மிஞ்சுகிற இடைவெளி அதுதான், அரை மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். போர்ட்டைக் குடைவது வேறு வித்தை, குடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இப்போது அந்த வயரின் எல்லை. மின்காந்த வால்வு முழுதாகத் திறந்துவிட்டால் அதற்கு மேல் கொடுக்க அதனிடம் பெட்ரோல் இல்லை. சைலன்சர், கம்ப்ரெஷன், போர்ட் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்தால் வால்வு எட்டாத இடத்துக்குக் காற்று போய்விடும், மெஷினும் உங்களிடம் சொல்லாது. ஒவ்வொன்றாகச் செய்து, இடையில் ஓட்டிப் பாருங்கள்.

சொல்லாது என்பதில்தான் நானே அடிபட்டேன். மூக்கையூர்ப் பக்கம் ஒரு தோப்பில் வேலை. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய் வெயிலில் வெடித்துக் காற்று இழுத்திருக்கிறது. பழைய மெஷினாக இருந்தால் ஸ்லோவில் வைத்தாலும் ரேஸ் ஏறிக்கொண்டே போய் அன்றைக்கே காட்டிக் கொடுத்திருக்கும். இது உள்ளே வந்த திருட்டுக் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி, வெடிப்பு பெரிதாகிற வரை எதுவும் நடக்காத மாதிரியே ஓடியது, ஒருநாள் நடு அறுப்பில் நின்றது. ஆகவே பவர் ஏற்றுவதற்கு முன்பு அந்த ரப்பரைக் கையால் வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டரில் மணல் புழுதி அடைத்தாலும் இதே கதைதான், பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு பேசாமல் ஓடும், இழுவை மட்டும் குறையும். ஆயில் கலக்க மறந்தாலும் அதற்குத் தெரியாது.

நண்பரிடம் முதலில் செயினை அரம் போடச் சொன்னேன். கருவேலம் வைரம் பாய்ந்த மரம், தூரில் மணலும் சேர்ந்திருக்கும், மழுங்கிய செயினுக்கு எத்தனை பவரும் பத்தாது. அப்புறம் சைலன்சர் மட்டும். பத்து டேங்க் ஓடியபின், ஆறிய மெஷினில் சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன்: பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ எங்கேயோ போதவில்லை, வாசலைப் பாதி அடைத்துவிட்டு ரப்பரையும் பெட்ரோல்-ஆயில் கலவையையும் மறுபடி பாருங்கள், சுத்தமாக இருந்தால் அப்படியே ஓட்டுங்கள்.