மாமாவுக்கு ராஜா, மருமகனுக்கு அனிருத், நடுவில் டோபமீன்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கவுண்டமணி–செந்தில் காமெடி ஓடினால் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்குவதில்லை. அவன் கேட்கிற பாட்டோ எனக்கு வெறும் இரைச்சல். யாருடைய ரசனை கெட்டுப்போயிருக்கிறது?"

யாருடையதும் கெடவில்லை. பாட்டு ஓடும்போது அடுத்து என்ன வரும் என்று மூளை கணித்துக்கொண்டே போகிறது, கணிப்பு பலித்தாலும் சுவையாகப் பொய்த்தாலும் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமீன் என்ற மூளை வேதிப்பொருள் சுரக்கிறது என்பதெல்லாம் எங்காவது படித்திருப்பீர்கள். இதை எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் எனக்குத் தித்திக்கிற கதை.

கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸட்டோரே குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்களுக்கு முதல் சிக்கலே ரசனைதான். ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுக்கும் பாட்டு எல்லோருக்கும் புல்லரிக்காதே! எனவே, கேட்டாலே மயிர்க்கூச்செறியும் இசையை நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். சரி, ஒப்பிட்டுப் பார்க்க 'சாதாரண' இசை வேண்டுமே? அதற்கு ஒருவர் உயிராக நினைக்கும் பாட்டையே எடுத்து, அது எந்தச் சலனமும் தராத இன்னொருவருக்குப் போட்டார்கள். இப்போது தாளம், சத்தம், வாத்தியம் என்று எதன் மேலும் பழி போட முடியாது. அதே பாட்டு இவருக்குப் புல்லரிப்பு, அவருக்கு ஒன்றுமில்லை. வித்தியாசம் முழுக்கக் கேட்பவரிடம்தான்.

டோபமீன் சுரப்பதை அளந்த விதம் இன்னும் அழகு. ராக்லோபிரைடு என்று ஒரு வேதிப்பொருள். அதில் கதிரியக்கக் கார்பன்-11-ஐப் பொருத்தி ஊசியில் ஏற்றுவார்கள். அது மூளையில் டோபமீன் அமர வேண்டிய ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கே எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதை, கதிரியக்கத்தை வைத்துப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் காட்டிவிடும். டவுன் பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவது போலத்தான்: டோபமீன் முந்திக்கொண்டு இடம் பிடித்தால் ராக்லோபிரைடுக்கு இடமில்லை, அந்த இடத்தில் கதிரியக்கம் குறையும். பிடித்த பாட்டு ஓடியபோது மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் அப்படித்தான் குறைந்தது.

பெட் ஸ்கேனுக்கு நேரக்கணக்கு சரியாகத் தெரியாது. அதனால் அதே ஆட்களை, மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியிலும் படுக்க வைத்தார்கள். புல்லரிக்கும் கணத்தில் ஸ்ட்ரையேட்டத்துக்குள் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி விழித்தது. அதற்குச் சில விநாடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்ற கட்டத்தில், காடேட் என்ற வேறொரு பகுதி விழித்துவிட்டது. அதாவது, வந்த சுகம் தனி, வரப்போகிற சுகம் தனி. சரணம் முடிந்து அந்தப் புல்லாங்குழல் எப்போது வரும் என்று காத்திருப்பதே பாதி இன்பம். நூறு முறை பார்த்த காமெடிக்கு, வசனம் வருவதற்கு முன்னாலேயே நாம் சிரிக்கத் தொடங்குவதும் இதற்கு உறவாக இருக்கும் என்பது என் ஊகம். இசையில் செய்த சோதனையை அப்படியே நகைச்சுவைக்கு நீட்ட முடியாது.

பெட் ஸ்கேனில் படுத்தவர்கள் எட்டே பேர். கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எட்டுப் பேர் புல்லரிப்புக்கு இவ்வளவு செலவா என்பவர்களுக்கு ஒரு தகவல். மொசார்ட் கேட்ட கல்லூரி மாணவர்கள் கால்மணி நேரத்துக்கு ஒருவகைப் புதிரைச் சற்று நன்றாகப் போட்டார்கள் என்று 1993-இல் ஓர் ஆய்வு வந்தது. அதை நம்பி, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998-இல் 1,05,000 டாலர் கேட்டார். அடிப்படை ஆய்வுக்குக் கொடுக்கத் தயங்கும் கை இதற்கெல்லாம் தாராளமாக நீளும். இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று இங்கே பட்டியல் போடுபவர்களும் அதே ஜாதகக்காரர்கள்தான்.

கணிக்க வேண்டுமென்றால் முன்பே கேட்டிருக்க வேண்டும். அந்தச் சரக்கு பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளிலும் சேர்வது. பிற்காலத்தில் அழுத்தமாக நினைவில் நிற்பவையும் அந்த வயதுச் சங்கதிகளே. 1976-இல் இளையராஜா வந்தபோதும், 1992-இல் ரகுமான் வந்தபோதும், 2012-இல் அனிருத் வந்தபோதும் உங்களுக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டீக்கடைச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் பக்கத்தில் இருப்பவர்கள். 2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் அதிகமானவர்கள் முன் வைத்தார்கள். எத்தனை பேர் ஏற்கெனவே பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையைச் சிலருக்குக் காட்டினார்கள். அப்படிக் காட்டப்பட்டவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னோர் உலகத்தில் 40-ஆவது இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாட்டு அதலபாதாளத்துக்குப் போவதும், மிக மோசமானது உச்சிக்கு ஏறுவதும் அபூர்வம். நடுவில் உள்ளவை எங்கு வேண்டுமானாலும் போய் விழுந்தன.

சிரிப்பிலும் இதே கதை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சோஃபி ஸ்காட் குழுவினர் 40 கடி ஜோக்குகளை எடுத்து, பின்னால் சிரிப்பொலி சேர்த்துக் கேட்க வைத்தார்கள் (2019). சிரிப்பு சேர்ந்ததும் அதே ஜோக்குகளுக்கு மதிப்பெண் ஏறியது. ஆனால் வலிய வரவழைத்த சிரிப்பைவிட, அடக்க முடியாமல் வந்த சிரிப்புக்குத்தான் கூடுதலாக ஏறியது. நம் டிவி காமெடி ஷோக்களில் நடுவர்கள் நாற்காலியிலிருந்து சரிந்து விழுவதைத் தயாரிப்பாளர்கள் இனி கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.